முயலுக்குக் கொம்பு! சோளத்தில் மாளிகை! பாறை உச்சியில் 6 நாள்!

அமெரிக்க நெடுஞ்சாலையில் ஒரு விநோதப் பயணம்

பந்தயப் பணம் 50 டாலர். போகவேண்டிய தூரமோ ஒரு தேசத்தின் ஒரு கரையில் இருந்து மறு கரை வரை. வழியில் நல்ல ரோடு கிடையாது. பெட்ரோல் பங்க் கிடையாது. ஆனாலும் ஒருவர் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்!

இது நடந்தது 1903-ம் ஆண்டில்.

அவர் பெயர் ஹொரேஷியோ நெல்சன் ஜாக்சன். டாக்டருக்குப் படித்தவர். வயது 31.

அமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள சான்பிரான்சிஸ்கோ நகரத்தில், ஒரு கிளப்பில் அவர் உட்கார்ந்திருந்தார். பேச்சு மோட்டார் காரைப் பற்றித் திரும்பியது. "மோட்டார் கார் எல்லாம் நாலு நாள் கூத்து. நீண்ட பயணத்துக்குக் குதிரைதான் சரி" என்று மற்றவர்கள் பேசினார்கள்.

ஜாக்சன் இதை ஒப்புக்கொள்ளவில்லை. "மூன்று மாதத்துக்குள் காரிலேயே நியூயார்க் போய்ச் சேருகிறேன், பார்க்கிறீர்களா?" என்றார். பந்தயம் கட்டினார்கள்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? அப்போது ஜாக்சனிடம் கார் இல்லை! பந்தயம் கட்டிய பிறகுதான், யாரோ கொஞ்சம் ஓட்டிய கார் ஒன்றை விலைக்கு வாங்கினார். மனைவியை ரெயில் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிட்டு, குரோக்கர் என்ற மெக்கானிக்கைத் துணைக்கு அழைத்துக்கொண்டு மே 23-ந் தேதி புறப்பட்டார்.

நாய்க்கு மூக்குக் கண்ணாடி

வழியில் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் அல்ல. டயர் வெடித்தது. சாமான்கள் ஒவ்வொன்றாக ரோட்டில் உருண்டு விழுந்தன. சேற்றில் கார் புதைந்தது. கயிறு கட்டி இழுத்தார்கள்.

ஓர் இடத்தில் ஒரு பெண்ணிடம் வழி கேட்டார்கள். அவள் கையைக் காட்டிய பக்கம் போனார்கள். பாதை ஒரு வீட்டு வாசலில் போய் முடிந்தது! அந்த வீட்டில் இருந்தவர்கள் கூட்டமாக வந்து காரைச் சுற்றி நின்று பார்த்தார்கள். அந்தப் பெண் வேண்டும் என்றேதான் வழியை மாற்றிச் சொல்லியிருக்கிறாள். தன் வீட்டார் காரைப் பார்க்கவேண்டும் என்று அவளுக்கு ஆசை! இதனால் 108 மைல் வீண் சுற்று.

இடாகோ மாநிலத்தில் ஜாக்சன் 15 டாலர் கொடுத்து ஒரு நாய் வாங்கினார். அதன் பெயர் "பட்". காரிலே போகும்போது புழுதி பறந்து நாயின் கண்கள் சிவந்துவிட்டன. உடனே அதற்கும் ஒரு மூக்குக் கண்ணாடி மாட்டிவிட்டார்! கண்ணாடி போட்ட நாயைப் பார்க்க ஊருக்கு ஊர் கூட்டம் கூடியது.

ஜூலை 26-ந் தேதி கார் நியூயார்க் நகருக்குள் நுழைந்தது. 63 நாட்களில் பயணம் முடிந்தது. ஜாக்சன் ஜெயித்துவிட்டார்!

இந்தப் பயணத்துக்கு அவர் செய்த செலவு 8 ஆயிரம் டாலர். பந்தயப் பணம் 50 டாலரை அவர் வாங்கிக்கொள்ளவே இல்லை.

அந்த காரும், நாயின் கண்ணாடியும் இன்று வாஷிங்டன் நகரில் உள்ள பொருட்காட்சிச் சாலையில் இருக்கின்றன.

இப்போது எப்படி?

ஜாக்சன் பிள்ளையார் சுழி போட்டார். பிறகு ஊருக்கு ஊர் ரோடு வந்தது. இன்று அமெரிக்காவில் குடும்பத்தோடு காரில் ஏறி, தேசத்தைக் குறுக்கே கடந்து போவது ஒரு திருவிழா போல. பள்ளிக்கூடம் கோடை விடுமுறை விட்டால் போதும். பாய், தலையணை, சட்டி பானையோடு கிளம்பிவிடுவார்கள்.

"90-ம் நம்பர்" நெடுஞ்சாலை, அமெரிக்காவின் "இன்டர்ஸ்டேட்" நெடுஞ்சாலைகளில் மிக நீளமானது. கிழக்கே பாஸ்டன் நகரில் தொடங்கி, மேற்கே சியாட்டில் வரை 3 ஆயிரம் மைலுக்கு மேல் ஓடுகிறது. ஜாக்சன் போனது வேறு வழி. ஆனால் விநோதம் பார்க்கவேண்டுமானால் இந்தச் சாலையில்தான் போகவேண்டும். அதிலும் "தெற்கு டகோட்டா" என்ற மாநிலத்தைத் தாண்டும் சுமார் 400 மைலில், பத்து நாள் பார்த்தாலும் தீராத அதிசயங்கள் இருக்கின்றன.

கிழக்கில் இருந்து மேற்கே போவோமா?

சோள மாளிகை

முதலில் வருவது "மிட்செல்" என்ற சிறிய ஊர். இந்த ஊரின் நடுவே ஒரு மாளிகை நிற்கிறது. கோபுரம் உண்டு. கொடி உண்டு. சுவர் முழுவதும் பெரிய பெரிய சித்திரங்கள். தூரத்தில் இருந்து பார்த்தால் வர்ணம் தீட்டியது போலத் தெரியும். கிட்டப் போய்ப் பார்த்தால் வாயைப் பிளக்கவேண்டியதுதான். அத்தனையும் மக்காச்சோளக் கதிர்கள்!

மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு, வெள்ளை என்று பல நிறங்களில் சோளம் பயிரிடுகிறார்கள். கதிரை நெடுக்காக இரண்டாக அறுத்து, வரைந்து வைத்த கோட்டின்மேல் ஆணி அடித்துப் பதிக்கிறார்கள். ஆண்டுதோறும் பழைய சித்திரத்தை எடுத்துவிட்டுப் புதிய சித்திரம் வைப்பது வழக்கம். 2006-ம் ஆண்டில் மழை பொய்த்தது. நிறச் சோளம் விளையவில்லை. அந்த ஆண்டு பழைய சித்திரமே நின்றது.

எதற்காக இந்த மாளிகை? 1892-ம் ஆண்டில் இதை முதன்முதலாகக் கட்டினார்கள். "இந்த மண்ணில் ஒன்றும் விளையாது" என்று வெளியூர்க்காரர்கள் பேசினார்கள். குடியேற ஆள் வரவில்லை. "விளையாதா? இதோ பாருங்கள்!" என்று ஊரார் சோளத்தாலேயே மாளிகை எழுப்பிக் காட்டினார்கள். இப்போது உள்ளது 1921-ல் கட்டிய மூன்றாவது மாளிகை. உள்ளே கூடைப்பந்து ஆட்டமும் நாட்டியமும் நடக்கின்றன. வெளியே குருவிகளுக்கு நல்ல விருந்து!

கெட்ட பூமி

மேலும் மேற்கே போனால், பச்சைப் புல்வெளி சட்டென்று முடிந்துவிடுகிறது. கீழே பள்ளம். பள்ளம் முழுவதும் கூர் கூராக மண் கோபுரங்கள். மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று பட்டை பட்டையாக நிறங்கள். மனிதன் கட்டிய கோட்டை இடிந்து கிடப்பது போல இருக்கிறது.

இதற்கு "கெட்ட பூமி" என்று பெயர். அந்தப் பகுதியின் பூர்வகுடி மக்களான லக்கோட்டா இனத்தார் வைத்த பெயர் அது. தண்ணீர் இல்லை, நிழல் இல்லை, நடக்கவும் முடியாது என்பதால் அப்படிச் சொன்னார்கள்.

கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. பிறகு காடு வந்தது. பிறகு புல்வெளி வந்தது. ஒவ்வொரு காலத்து மண்ணும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தது. அந்த மண்ணை மழையும் காற்றும் அறுக்கின்றன. ஆண்டுக்குச் சுமார் ஓர் அங்குலம் கரைகிறது. கரையக் கரைய, உள்ளே புதைந்த பழைய மிருகங்களின் எலும்புகள் வெளியே வருகின்றன.

2010-ம் ஆண்டில் 7 வயதுச் சிறுமி ஒருத்தி இங்கே பெற்றோருடன் வந்தாள். தரையில் ஏதோ எலும்பு நீட்டிக்கொண்டிருந்தது. மற்ற குழந்தையாக இருந்தால் பிடுங்கி எடுத்திருக்கும். இவள் தொடவில்லை. ஓடிப்போய் அதிகாரிகளிடம் சொன்னாள். தோண்டிப் பார்த்தார்கள். அது வாள் போன்ற கோரைப்பல் உள்ள, பூனை போன்ற மிருகத்தின் மண்டை ஓடு! 3 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மிருகம் அது. அறிஞர்கள் அந்தச் சிறுமியைப் பாராட்டினார்கள்.

மர ஏணியில் ஏறவேண்டும்

இங்கே காரை நிறுத்திவிட்டு நடக்கப் பல பாதைகள் உண்டு. அதில் ஒன்று போகவர ஒன்றரை மைல்தான். "பூ, இவ்வளவுதானா?" என்று நினைக்கக்கூடாது. நடுவில் ஒரு செங்குத்தான மண் சுவர் வரும். அதன்மேல் கம்பிக் கயிற்றில் மரக்கட்டைகளைக் கோத்து ஓர் ஏணி சாய்த்திருக்கிறார்கள். அதில் தவழ்ந்து ஏறவேண்டும். ஏறியபின் பள்ளத்தின் ஓரமாகவே நடக்கவேண்டும். தலை சுற்றுகிறவர்கள் போகக்கூடாது.

மழை பெய்தால் அந்த மண் சோப்புக் கட்டி போல வழுக்கும். ஏறியவர்கள் இறங்க முடியாமல் தவிப்பார்கள். கோடையில் வெயில் 100 டிகிரியைத் தாண்டும். புல்லில் விரியன் இனத்தைச் சேர்ந்த "கிலுகிலுப்பை பாம்பு" படுத்திருக்கும். வாலைக் கிலுகிலு என்று ஆட்டினால் அதுதான் எச்சரிக்கை.

"2 மணி நேரம் நடக்க ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீராவது வேண்டும்" என்று அதிகாரிகள் சொல்கிறார்கள். தண்ணீரின் அருமை இங்கேதான் தெரியும்!

தண்ணீர் கொடுத்து வாழ்ந்த குடும்பம்

அந்தத் தண்ணீரை வைத்தே ஒரு குடும்பம் பிழைத்தது. அந்தக் கதை நடந்த ஊர், கெட்ட பூமிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஊரின் பெயர் "வால்".

1931-ம் ஆண்டு டெட் ஹஸ்டெட் என்பவர் இந்த ஊரில் ஒரு மருந்துக் கடையை வாங்கினார். அவருடைய தகப்பனார் விட்டுச் சென்ற 3 ஆயிரம் டாலரைக் கடையில் போட்டார். அமெரிக்காவில் மருந்துக் கடை என்றால் மருந்தோடு சோடா, ஐஸ் கிரீமும் விற்பார்கள்.

அது பஞ்ச காலம். ஊரில் இருந்தது 326 பேர். எல்லோரும் ஏழைகள். "5 ஆண்டு பார்ப்போம். வியாபாரம் நடக்காவிட்டால் போய்விடுவோம்" என்று கணவனும் மனைவியும் பேசி வைத்துக்கொண்டார்கள்.

ஆண்டுகள் ஓடின. கடையில் ஈ ஓட்டியதுதான் மிச்சம். 1936-ம் ஆண்டு ஜூலை மாதம் வந்துவிட்டது. கெடு முடிய இன்னும் சில மாதமே பாக்கி.

அன்று ஞாயிற்றுக்கிழமை. நல்ல வெயில். மனைவி டாரதி, குழந்தைகளை அழைத்துக்கொண்டு தூங்கப் போனார். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டார்.

"ஏன், தூக்கம் வரவில்லையா?" என்று டெட் கேட்டார்.

"எப்படித் தூங்குவது? ரோட்டில் போகிற கார்களின் சத்தம் காதைத் துளைக்கிறது. ஆனால் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. அத்தனை பேரும் இந்தப் புல்வெளி வெயிலில் காய்ந்து வருகிறார்கள். அவர்களுக்கு என்ன வேண்டும்? குளிர்ந்த தண்ணீர்! நம்மிடம் ஐஸ் நிறைய இருக்கிறது. இலவசமாக ஐஸ் தண்ணீர் கொடுப்பதாகப் பலகை எழுதி ரோட்டில் வைத்தால் என்ன?" என்றார் டாரதி.

டெட்டுக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லை. ஆனாலும் ஒரு ஹைஸ்கூல் மாணவனைத் துணைக்கு வைத்துக்கொண்டு பலகைகள் எழுதினார். ரோட்டு ஓரமாக வரிசையாக நட்டுவிட்டுக் கடைக்குத் திரும்பினார்.

அவர் திரும்பி வருவதற்குள் கடையில் ஆட்கள் வந்துவிட்டார்கள்! டாரதி ஓடி ஓடித் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். தண்ணீர் குடிக்க வந்தவர்கள் சும்மா போகவில்லை. ஐஸ் கிரீம் வாங்கினார்கள். வழி கேட்டார்கள். அடுத்த கோடைக்குள் 8 பெண்களை வேலைக்கு வைக்கவேண்டி வந்தது.

இன்று அந்த ஊரின் ஜனத்தொகை ஆயிரம்கூட இல்லை. ஆனால் அந்தக் கடைக்கு ஆண்டுக்குச் சுமார் 20 லட்சம் பேர் வருகிறார்கள்! ஐஸ் தண்ணீர் இன்றும் இலவசம். காப்பி விலை 5 சென்ட். ராணுவத்தில் இருந்தவர்களுக்கும், புதுமணத் தம்பதிகளுக்கும் காப்பி இலவசம்.

யோசனை சொன்ன டாரதி 1995-ம் ஆண்டிலும், டெட் 1999-ம் ஆண்டிலும் காலமானார்கள். தண்ணீர்ப் பந்தல் மட்டும் மூடவில்லை.

முயலுக்குக் கொம்பு

அந்தக் கடையின் பின்முற்றத்தில் ஒரு பெரிய முயல் பொம்மை நிற்கிறது. குழந்தைகள் அதன் முதுகில் ஏறிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். தலையைப் பார்த்தால் கொம்பு!

நடக்காத காரியத்தை "முயல் கொம்பு" என்று நம் ஊரில் சொல்வோம். அமெரிக்காவிலோ முயலுக்குக் கொம்பையே முளைக்க வைத்துவிட்டார்கள்!

இந்த வேடிக்கை பக்கத்து மாநிலமான வயோமிங்கில், "டக்ளஸ்" என்ற ஊரில் 1930-களில் பிறந்தது. அங்கே இரண்டு சகோதரர்கள் செத்த மிருகங்களைப் பாடம் செய்து வந்தார்கள். ஒரு நாள் வேட்டை முடிந்து வந்து, ஒரு முயலைத் தரையில் வீசினார்கள். அது சறுக்கிக்கொண்டு போய், அங்கே கிடந்த மான் கொம்பின் அருகில் நின்றது. பார்க்க முயலுக்குக் கொம்பு முளைத்தது போல இருந்தது. "அப்படியே ஒட்டிவிடுவோம்" என்று ஒட்டினார்கள். அது நல்ல விலைக்குப் போனது!

இன்று டக்ளஸ் ஊரில் இந்த முயலை வேட்டையாட லைசென்சு கொடுக்கிறார்கள். வேட்டையாட அனுமதி உள்ள நாள் எது தெரியுமா? ஜூன் மாதம் 31-ந் தேதி!

மலையில் நான்கு முகம்

வால் ஊரைத் தாண்டினால் "கரு மலை" வருகிறது. இங்கே ஒரு மலைமுகட்டில் நான்கு ஜனாதிபதிகளின் முகங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். வாஷிங்டன், ஜெபர்சன், தியோடர் ரூஸ்வெல்ட், லிங்கன் ஆகியோரின் முகங்கள் அவை. ஒவ்வொரு முகமும் 60 அடி உயரம். மூக்கு மட்டும் 20 அடி!

1927-ல் தொடங்கிய வேலை 1941-ல் முடிந்தது. சுமார் 400 பேர் வேலை செய்தார்கள். தினமும் காலையில் 700 படி ஏறிப் போய், கயிற்றில் தொங்கியபடி வெடி வைத்தார்கள். ஆனாலும் ஒருவர்கூட விழுந்து சாகவில்லை.

பார்க்க வருகிறவர்கள் வியக்கிறார்கள். ஆனால் லக்கோட்டா மக்களுக்கு இந்த முகங்கள் நெஞ்சில் தைத்த முள். கரு மலை அவர்களுக்குப் புனித மலை. "இது உங்களுக்கே சொந்தம்" என்று 1868-ம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கம் எழுதிக் கொடுத்தது. 1874-ல் அங்கே தங்கம் கிடைத்தது. 1877-ல் அரசாங்கம் மலையைப் பறித்துக்கொண்டது!

வழக்கு நீண்ட காலம் நடந்தது. 1980-ம் ஆண்டில் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு, "மலையை எடுத்ததற்கு ஈடு கொடுக்கவேண்டும்" என்று தீர்ப்புக் கூறியது. 10 கோடி டாலருக்கு மேல் பணம் ஒதுக்கப்பட்டது. அது வட்டியோடு சேர்ந்து 100 கோடி டாலரையும் தாண்டிவிட்டது. லக்கோட்டா மக்களில் பலர் வறுமையில் வாடுகிறார்கள். ஆனாலும் ஒரு காசு தொடவில்லை. "மலை விற்பனைக்கு இல்லை. மலையைத்தான் கொடுக்கவேண்டும்" என்கிறார்கள்.

இதே மலையில் இன்னொரு சிலையும் எழும்புகிறது. லக்கோட்டா வீரர் "கிரேசி ஹார்ஸ்" குதிரைமேல் அமர்ந்திருக்கும் சிலை அது. 1948-ல் ஒரு சிற்பி தொடங்கினார். அவர் 1982-ல் இறந்தார். முகம் மட்டும் 1998-ல் முடிந்தது. வேலை இன்னும் நடக்கிறது.

நடக்கப் பிரியம் உள்ளவர்களுக்கு இங்கே ஒரு சிகரம் உண்டு. உயரம் 7,242 அடி. போகவரச் சுமார் 7 மைல். உச்சியில் கல்லால் கட்டிய காவல் கோபுரம் இருக்கிறது. முன்பு அந்தச் சிகரத்துக்கு, லக்கோட்டா பெண்களும் குழந்தைகளும் மடிந்த ஒரு தாக்குதலை நடத்திய தளபதியின் பெயர் இருந்தது. 2016-ம் ஆண்டில் அதை எடுத்துவிட்டு, லக்கோட்டா ஞானி "பிளாக் எல்க்" பெயரை வைத்தார்கள்.

பாறை உச்சியில் மாட்டிக்கொண்டவர்

எல்லையைத் தாண்டி வயோமிங் மாநிலத்துக்குள் போய், நெடுஞ்சாலையை விட்டுக் கொஞ்சம் விலகினால், சமவெளியில் தன்னந்தனியாக ஒரு பாறை நிற்கிறது. அடியில் இருந்து உச்சி வரை 867 அடி. நான்கு பக்கமும் செங்குத்து. சுற்றிலும் பிறாண்டியது போல நெடுநெடு என்று கோடுகள்.

பூர்வகுடி மக்கள் ஒரு கதை சொல்கிறார்கள். ஏழு சிறுமிகளைக் கரடி துரத்தியது. அவர்கள் ஒரு கல்லின்மேல் ஏறி, "காப்பாற்று" என்று வேண்டினார்கள். கல் வானத்தை நோக்கி வளர்ந்தது. கரடி ஏற முடியாமல் நகத்தால் பிறாண்டியது. அந்தக் கோடுகள்தான் இவை. சிறுமிகள் நட்சத்திரங்கள் ஆனார்கள். நாம் கார்த்திகை நட்சத்திரம் என்று சொல்கிறோமே, அதுதான் அந்தச் சிறுமிகள்!

1941-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி, ஜார்ஜ் ஹாப்கின்ஸ் என்பவர் ஆகாய விமானத்தில் வந்தார். பாராசூட்டில் குதிப்பதில் சூரர். "அந்தப் பாறை உச்சியில் குறி தவறாமல் குதிக்கிறேன்" என்று பந்தயம் கட்டியிருந்தார். பந்தயப் பணம் எவ்வளவு? அதே 50 டாலர்தான்!

குதித்தார். சரியாக உச்சியில் இறங்கினார். பந்தயத்தில் ஜெயித்தார்.

ஆனால் கீழே இறங்குவது எப்படி? விமானத்தில் இருந்து ஆயிரம் அடி கயிறு போட ஏற்பாடு. கயிற்றைப் போட்டார்கள். அது அவருக்கு எட்டாத இடத்தில் போய் விழுந்தது! இன்னொரு கயிறு போட்டார்கள். அது சிக்கலாகிவிட்டது. இரவு வந்தது. மழையும் குளிர்காற்றும் சேர்ந்துகொண்டன.

விமானத்தில் இருந்து ரொட்டியும் கம்பளியும் போட்டார்கள். பத்திரிகைகள் எல்லாம் "பாறையில் ஒருவர் தவிப்பு" என்று எழுதின. கீழே கூட்டம் கூடியது. ஹாப்கின்ஸ் ஒரு நாள், இரண்டு நாள் என்று எண்ணிக்கொண்டிருந்தார்.

அப்போது ஜாக் டுரான்ஸ் என்ற மலையேறும் இளைஞர், வெகு தூரத்தில் இருந்து புறப்பட்டு வந்தார். அந்தப் பாறையில் ஏற்கனவே ஏறி இறங்கியவர் அவர். அக்டோபர் 6-ந் தேதி, அவரும் தோழர்களும் அங்குலம் அங்குலமாக ஏறி உச்சியை அடைந்தார்கள். ஹாப்கின்சைக் கயிற்றில் கட்டிப் பத்திரமாகக் கீழே இறக்கினார்கள். ஆறு நாள் தவம் முடிந்தது!

ஜூன் மாதம் ஏறமாட்டார்கள்

இன்று அந்தப் பாறையைச் சுற்றி ஒன்றேகால் மைல் பாதை இருக்கிறது. குழந்தைகளும் நடக்கலாம். வழியில் மரக்கிளைகளில் சின்னச் சின்னத் துணி முடிச்சுகள் தொங்குகின்றன. பூர்வகுடி மக்கள் வேண்டிக்கொண்டு கட்டிய துணிகள் அவை. அவற்றை யாரும் தொடக்கூடாது.

ஜூன் மாதம் அவர்கள் வழிபடும் மாதம். அதனால் "அந்த ஒரு மாதம் பாறையில் ஏறாதீர்கள்" என்று அதிகாரிகள் 1995-ம் ஆண்டு முதல் கேட்டுக்கொள்கிறார்கள். சட்டம் ஒன்றும் இல்லை. வெறும் வேண்டுகோள்தான். ஆனாலும் ஏற வந்தவர்களில் பெரும்பாலோர் கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டு, கீழேயே நடந்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

50 டாலருக்காக ஒருவர் குதித்த பாறை அது. 100 கோடி டாலர் வந்தாலும் வேண்டாம் என்கிற மக்கள் கும்பிடுவதும் அதே பாறையைத்தான்!